மேரியின் இடத்தில் யாரும் உட்காரவில்லை

மே 12, 2025

மேரிசெல்வி இன்றோடு லீவு. புதுச்சேரியில் ஆபரேஷன், கர்ப்பப்பையில் கட்டி. "எடுத்துட்டு மூணு மாசத்துல வந்துடுவேன்" என்று கருவாடு வாங்கக் கிளம்புகிறவள் மாதிரி சொன்னாள்.

இந்த உப்பு ஆபீசில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பதினெட்டு வருஷமாக மரக்காணத்தில் ஒரு குடும்பத்தையும் விட்டுவைக்காமல் வம்பு பேசியவர்கள் நாங்கள். லாரி டிரைவர்களைப் போனில் விரட்டுவது, பில் போடுவது, வியாபாரிகளுக்குப் பதில் சொல்வது அவள் வேலை. எடைச் சீட்டும் லோடு ஏற்றுகிறவர்கள் கூலியும் என் வேலை. வம்பு மட்டும் கூட்டுப் பொறுப்பு.

கிளம்பும்போது, "என் எடத்துல எவளையும் உக்கார வுட்றாதடி அம்சு" என்றாள்.

"உக்காந்தா முள்ளு வெக்கிறேன், நீ போ."

ஆட்டோ போனதும் ஆபீஸ் கழிவறைக்குள் போய் அழுதேன். அங்கே அழுவதென்றாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அழ வேண்டும்.

மே 14

முதலாளி கார்த்திகேசன் கூப்பிட்டான். அரை டிராயரோடு அப்பா பின்னால் வந்த நாளிலிருந்து தெரியும் என்பதால் எழுத்தில் 'அவன்'; நேரில் 'தம்பி'.

"சீசன் நேரம் அக்கா. டெம்பரவரியா ஒரு பொண்ண போடலாமா? இல்ல, வர்ச்சுவல் அசிஸ்டென்ட்னு இருக்காங்களாம். வூட்லேர்ந்தே போன்ல, கம்ப்யூட்டர்ல எல்லாம் பாத்துடுவாங்களாம். ஆபீசுக்கே வரத் தேவயில்ல."

ஆபீசுக்கே வராத ஆள்! அப்படியானால் மேரி நாற்காலியில் உட்காரவும் மாட்டாள். டெம்பரவரி ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? ஒரு மாசத்துக்கு என்று வந்து இன்னும் கிளம்பாமல் இருப்பவள் நான்தானே.

மே 16

பெருமுக்கல்லிலிருந்து தமிழ்நிலா என்று ஒரு பெண் வந்தாள். பி.காம். பேச்சும் சிரிப்பும் பளிச். இவள் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள்.

முதலாளி வருவதற்குள் டீ வாங்கிக் கொடுத்தேன். கழிவறையில் ஒரு சாரைப்பாம்பு குடியிருக்கிறது, சாது, பழகிவிடும் என்றேன். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து பில் போட வேண்டும் என்றேன். கடைசியாக, "இங்க வேல பாத்த பொண்ணுங்களுக்கு என்னமோ கல்யாணம் தள்ளித் தள்ளிப் போவுது கண்ணு" என்றேன்.

"வூட்ல கேட்டுட்டு சொல்றேங்க ஆன்ட்டி." டீ பாதியில் நின்றது. போனவள் போனவள்தான்.

"நிக்காது தம்பி அது. அந்த ஆன்லைன் ஆளையே போடுங்க" என்றேன்.

போனில் மேரியிடம் சொன்னேன். பாம்பு வந்த இடத்தில் சிரித்துச் சிரித்து, "வவுறு வலிக்குதுடி" என்றாள். சிரிப்பினாலா, கட்டியினாலா? கேட்கவில்லை.

மே 20

புது ஆள் அஸ்வினி. கோபிசெட்டிபாளையத்தில் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தபடியே வேலை. எங்களோடு சேர்த்து ஓசூரில் ஒரு டைல்ஸ் கடைக்கும், திருப்பூரில் ஒரு பல் டாக்டருக்கும் அவளேதான். காலையில் எங்கள் லாரி டிரைவரிடம், "பல்லு வலி இப்ப பரவாயில்லீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அவரும் குறைந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.

ஜூன் 8, ஞாயிறு

ஆஸ்பத்திரி. அது நல்ல கட்டி இல்லையாம். ஆபரேஷனோடு முடியவில்லை, கதிர்வீச்சு, அதான் கரண்ட், வைக்க வேண்டுமாம். மேரி பாதியாகிவிட்டாள்.

பல் வலிக் கதையைச் சொன்னேன். தையல் பிரிந்துவிடப் போகிறதென்று தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு சிரித்தாள். பிறகு, "வேல இருக்குதுன்ற தைரியத்துலதான்டி இங்க படுத்திருக்கேன்" என்றாள்.

பஸ்ஸில் காளாப்பட்டு வரை முந்தானைக்குள் முகம். கண்டக்டர் டிக்கெட் கேட்கவே பயந்தார்.

ஜூலை 3

அஸ்வினி இப்போது தப்பே செய்வதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஜூலை 29

கேட்ட பில் கேட்டவுடன் வருகிறது. எப்போதும் சண்டைக்கு நிற்கும் திண்டிவனம் வியாபாரிகூட, "ஒங்க ஆபீசு இப்பதாம்மா ஆபீசு மாதிரி இருக்குது" என்கிறார். அவர் நாசமாய்ப் போக.

இதில் வெட்கக்கேடு, நானே அவளோடு தினமும் வம்பு பேசுகிறேன். பாவம், தனியாக இருக்கிற பெண். "அப்புறம் அந்த மருமக என்னங்க்கா சொன்னா?" என்று கேட்கிறாள். கேட்டால் எப்படிச் சொல்லாமல் இருப்பது?

ஆகஸ்ட் 11

காலையில் போனால் மேரியின் மேசையைக் காணோம். வராந்தாவில் கிடக்கிறது, மேலே சாக்குக் கட்டு.

"மேரி வந்தா எங்க தம்பி உக்காருவா?"

கார்த்திகேசன் என் கண்ணைப் பார்க்கவில்லை. "ஒடம்பு முடியாதவங்க, ரெஸ்ட் எடுக்கட்டும் அக்கா. ஆன்லைன் ஆள போடுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒரு கொறையும் இல்லாம ஓடுது. அந்த வேலைக்கு இனிமே மேசையே தேவயில்ல. நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

மேசையே தேவையில்லையாம்.

நான் என்ன பண்ணித் தொலச்சேன்? அந்தப் பொண்ண பாம்பு காட்டித் தொரத்துனேனே. அவ உக்காந்திருந்தா மேசை இருந்திருக்கும். நாலு தப்பு பண்ணியிருப்பா, மேரி எப்பதான் வருவாங்கன்னு இவனே பொலம்பியிருப்பான். சின்னப் பொண்ணு, மூணு மாசம் ஆனதும் போயிருப்பா. போகலைன்னாலும் சண்ட போட ஒரு ஆளாவது இருந்திருக்கும். இப்ப யார எழுந்திருன்னு சொல்றது?

ஆகஸ்ட் 15

மாதா திருநாள். சொல்லிவிடுவது என்றுதான் கோயிலுக்குப் போனேன். மேரி வந்திருந்தாள். பிளவுஸ் தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. அவளே முந்திக்கொண்டாள்.

"பங்கு சாமியாரு பள்ளிக்கொடத்து ஆபீசு வேலைக்கு கூப்ட்டாருடி. எனக்குன்னு ஒரு எடம் இருக்குது சாமின்னு சொல்லிட்டேன். சரிதானே?"

வாயைத் திறந்தேன். "புடவ நல்லா இருக்குதுடி" என்று வந்தது.

ஊர் விஷயத்தையெல்லாம் பேசித் தீர்த்த வாய்.

ஆகஸ்ட் 24

போன் அடித்தது. மேரி. அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 1

வந்துவிட்டாள். லோடு ஆட்களுக்கெல்லாம் கேக் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

வராந்தாவில் மேசையைப் பார்த்தாள். யாரோ இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, சாக்குக் கட்டைத் தானே இறக்கப் போனாள். ஆபரேஷன் ஆன உடம்பு. நான் ஓடிப் போய்ப் பிடிப்பதற்குள் கார்த்திகேசன் வெளியே வந்து, "அம்சாக்கா சொல்லலீங்களா?" என்றான்.

மேரி என்னைப் பார்த்தாள். லோடு ஆட்கள் அவளைப் பார்த்தார்கள்.

டிராயரிலிருந்த மாதா படம், சீப்பு, தைலம் எல்லாவற்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கேக்கை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். யாரும் தொடவில்லை. சாயங்காலம் எறும்பு மொய்த்தது.

செப்டம்பர் 3

அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றோம்.

"எவளையும் உக்கார வுடாதன்னு நான்தான் சொன்னேன். அதுக்கு ஒன்ன கொற சொல்லல."

"மேரி..."

"கோயில்ல வெச்சு பள்ளிக்கொடத்து வேலய பத்தி கேட்டேனே, அன்னிக்கு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அங்க வேற ஆள் சேந்துட்டாங்க." கதவைப் பிடித்துக்கொண்டாள். "போ. மழ வருது."

மழை வரவில்லை.

செப்டம்பர் 18

"என்னங்க்கா, இப்பெல்லாம் பேசறதே இல்லீங்க? கோவமுங்களா?" என்றாள் அஸ்வினி. பின்னால் குழந்தை அழுதது. லாரி நம்பரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அவள் என்ன செய்வாள்.

நவம்பர் 6

கண்ணாடி மாற்றப் புதுச்சேரி பஸ் ஏறினேன். இரண்டு சீட்டு முன்னால் மேரி. கோட்டக்குப்பத்தில் ஒரு டிராவல்ஸில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பிரசவத்துக்குப் போன பெண் திரும்பி வரும்வரை. பக்கத்தில் ஒரு சின்னப் பெண், கூட வேலை செய்கிறவள் போலிருக்கிறது.

"நல்லா இருக்கீங்களா அக்கா?" என்றாள் மேரி.

"இருக்கேன்."

திரும்பிக்கொண்டு, விட்ட கதையை அந்தப் பெண்ணிடம் தொடர்ந்தாள். துபாய்க்கு டிக்கெட் போட வந்த ஒருவர், மாமியாரையும் கூட்டி வந்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு ஜன்னல் சீட்டுதான் வேண்டுமாம், வாந்தி வருமாம். ஜன்னல் முழுசாகத் திறக்குமா, பாதிதான் திறக்குமா என்று கேட்டார்களாம். அதற்கு மேரி...

கழுத்தை நீட்டினேன். அனுமந்தையில் மீன் கூடைகளோடு ஒரு கூட்டம் ஏறி நடுவில் நின்றது. மேரி என்ன பதில் சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் சிரித்தது கேட்டது.