வெறுந்தட்டோடு ஆறு பேர்

யேனா, ஜெர்மனி
வியாழன்

அக்கா,

நான் நலம். இந்த ஊர்க் குளிர் பழகிவிட்டது, ஆட்கள்தான் இன்னும் பிடிபடவில்லை.

நேற்று என் பிறந்தநாள். ஆய்வகத்தில் எல்லோரும் கை கொடுத்து வாழ்த்தினார்கள். பிறகு எதற்கோ காத்திருப்பதுபோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்குப் பக்கத்து மேசை வீப்கே தட்டும் கரண்டியுமாக வந்தாள். அவள் பின்னால் இன்னும் ஐந்து பேர்.

"கேக் எங்க?"

"நீங்க வாங்கலையா?"

"நாங்களா? பொறந்தநாள் உனக்குத்தானே! நீதான் கொண்டாந்து எங்களைக் கூப்பிடணும்."

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அங்கே கானாவில், நம் குமாசியில், பிறந்தநாள் அன்று என்னை அடுப்படிப் பக்கம் விட்டிருக்கிறாயா நீ? கிழங்கு மசியலில் அவித்த முட்டை வைத்து, தூக்கத்திலேயே ஊட்டுவாயே. இங்கே பிறந்தநாள்காரிதான் எல்லாவற்றையும் ஆரம்பிக்க வேண்டுமாம். ஆறு பேரும் வெறுந்தட்டைத் திருப்பிக் கொண்டுபோனார்கள்.

நான் கிளம்பிய அன்று வழியனுப்ப நீ ஏன் விமான நிலையத்துக்கு வரவில்லை என்று நான் கேட்கவில்லை. வந்த நாளிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். நேற்றும் வைத்திருந்தேன்.

இதிலும் நான்தான் முதலில் ஆரம்பிக்க வேண்டுமா, அக்கா? யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பேசுகிறேன். எடு.

உன் தங்கை