பெட்டிக்கு ஒரு கடிதம்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. உடனே பதில் போடவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. கடையில் தலைக்கு மேல் வேலை. ஒரு கல்லூரியில் பழைய முதல்வர்களின் படங்கள் முப்பத்திரண்டையும் புதுச் சட்டத்துக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். முப்பத்திரண்டு பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சட்டம் அறுக்கும் அண்ணன் ஒவ்வொருவரையும் பார்த்து, "இவருக்கு என்னம்மா, வயித்து வலியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பெரிய செய்தி, முதலாளி கண்ணாடி வெட்டும் கட்டரை என் கையில் கொடுத்துவிட்டார்! இரண்டு வருடம் தாள் ஒட்டியும் ஆணி அடித்தும் காத்திருந்ததற்குப் பலன். ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும் அக்கா. அதே கோட்டில் இரண்டாம் தரம் இழுத்தால் விரிசல் அதன் இஷ்டத்துக்கு ஓடிவிடும். கோடு சரியாக விழுந்ததா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். இங்கே யாருக்கும் என் பழைய கதை தெரியாது. கை நடுங்காத பெண் என்று என்னை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும், இப்போது நிஜமாகவே நடுங்குவதில்லை.

கிளினிக்கில் என் போனில் ஒரு செயலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் ஐந்து மூஞ்சிகளைக் காட்டி, இன்று நீங்கள் எது என்று கேட்கிறது. அழுகிற மூஞ்சியை அழுத்தினாலும், இளிக்கிற மூஞ்சியை அழுத்தினாலும் "பகிர்ந்ததற்கு நன்றி" என்கிறது. எனக்கு இந்தக் காகிதமே போதும். ஆஸ்பத்திரியில் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டபோது ஆரம்பித்த பழக்கம், ஏழு வருடமாகியும் விடவில்லை. உனக்கு எழுதியதில் பாதியை நான் டாக்டரிடம்கூடச் சொன்னதில்லை.

அம்மாவின் முழங்காலுக்கு என்ன செய்கிறீர்கள்?

உன் வாலு


மார்ச் 15

அன்புள்ள வாலு,

கட்டர் கிடைத்ததற்கு ஒரு பெரிய சபாஷ். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "கையை வெட்டிக்கப் போறா, உறை போட்டுக்கச் சொல்லு" என்றாள். அவள் சந்தோஷப்படுவது இப்படித்தான், உனக்குத் தெரியாதா. முழங்காலுக்குத் தைலம், என் காதுக்குப் புலம்பல்.

மூன்று வருடமாக நான் எதில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நீ ஒரு தரம்கூட ஒழுங்காகக் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஒருவர் எழுதுவதை வைத்தே அவர் மனசு மறுபடி சரியத் தொடங்குகிறதா என்று முன்கூட்டியே சொல்லும் கருவி. வாக்கியம் எங்கே சுருங்குகிறது, "நாளைக்கு" என்ற சொல் எப்போது காணாமல் போகிறது என்றெல்லாம் பார்த்து நூற்றுக்கு இவ்வளவு என்று போடும். எழுபதைத் தாண்டினால் சிவப்பு. முதல் சோதனையிலேயே பதினேழு பேரை விழுவதற்கு முன் பிடித்துவிட்டோம். அடுத்த மாதம் உன் கிளினிக்குக்கும் வருகிறது. புது டாக்டரம்மாவிடம் காட்டச் சொல்லிப் பார். உன் அக்கா நாற்காலியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்று அப்போதாவது தெரியும்.

ஒரே ஒரு குறை. முன்பெல்லாம் எட்டுப் பக்கம் எழுதுவாய், இப்போது இரண்டோடு முடித்துக்கொள்கிறாய். நீளமாக எழுது. தேதி போட மறக்காதே.

அன்புடன்
அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

நேற்று கிளினிக்குக்குப் போனேன். டாக்டரம்மாவிடம், "இது எங்க அக்கா செஞ்சது" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன். அவரும் ஆசையாகத் திரையை என் பக்கம் திருப்பினார். ஓரத்தில் உதாரண வாக்கியங்கள் என்று ஒரு கட்டம். அதில் மூன்றாவது வரி:

"குளிக்கப் போனேன். தண்ணீர் விழுந்தது. நனைந்தது யார் என்று தெரியவில்லை."

டாக்டரம்மா அதன் மேல் விரலை வைத்து, "இந்த வரியைப் பாருங்க, எவ்ளோ தெளிவா இருக்கு! நோயாளி தன்னை விட்டே விலகிப் போறது இதுல அப்படியே தெரியுது" என்றார். நான் "ஆமாம்" என்றேன். வேறு என்ன சொல்ல? மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு தெரு நடந்த பிறகுதான் தாண்டிவிட்டேன் என்றே தெரிந்தது.

அந்த வரியை நான் ஒரே ஒரு தரம்தான் எழுதினேன். ஆஸ்பத்திரியில், ஒன்பதாவது நாள், உனக்கு.

வேறு யாரோ இதையே எழுதியிருக்கலாம் என்று நீ சொன்னால் நம்பிவிடுகிறேன். சத்தியமாக நம்பிவிடுகிறேன். சொல்லு.

வாலு


ஏப்ரல் 9

அன்புள்ள வாலு,

பொய் சொல்ல மனசு வரவில்லை. அது உன் வரிதான். உன் கடிதங்கள் எல்லாமே கருவிக்குள் இருக்கின்றன. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. நானே உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். பெயர், ஊர், தெரு எதுவும் கிடையாது. அது நீதான் என்று ஒரு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது.

ஏன் என்று புரிந்துகொள். எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரே ஆள் விழுந்து கிடந்தபோதும், எழுந்த பிறகும், நடுவில் மறுபடி சறுக்கியபோதும் தேதி போட்டு எழுதியது. நம் மொழியில் அப்படி எங்கே கிடைக்கும்? எங்கெங்கோ தேடிவிட்டு, கடைசியில் என் அலமாரியைத் திறந்தேன். எந்த வரியை உதாரணமாக வைக்கலாம் என்று குழுவில் கை தூக்கச் சொன்னபோது எல்லோரும் உன் வரிக்குத்தான் தூக்கினார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

அனுமதி இல்லாமல் செய்யவில்லை. அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். உன்னைச் சேர்த்த நாளிலிருந்து உனக்கான எல்லாக் காகிதத்திலும் அவள்தானே போட்டாள். அந்தப் பழக்கத்தில் இதையும் நீட்டினேன். உன்னிடம் கேட்டால் பழசெல்லாம் கிளறி மறுபடி உடம்புக்கு வந்துவிடுமோ என்று பயந்தேன். இது தப்புதான். ஆனால் அந்தப் பதினேழு பேரையும் நினைத்துப் பார்.

உன் அக்கா


ஏப்ரல் 13

அக்கா,

நினைத்துப் பார்த்தேன். பதினேழு பேரும் நன்றாக இருக்கட்டும். கேட்டிருந்தால் நானே தூக்கிக் கொடுத்திருப்பேன், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. "வாலு, இது நாலு பேருக்கு உதவும்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

அம்மா கையெழுத்துப் போட்டாளாம்! ஆறு வருடமாக என் கையெழுத்தை நான்தான் போடுகிறேன். வீட்டு வாடகைப் பத்திரத்தில், வேலைக்குச் சேர்ந்த காகிதத்தில், மாதா மாதம் மாத்திரை வாங்கும் நோட்டில். உங்கள் இருவருக்கும் நான் இன்னும் அந்த இரும்புக் கட்டிலில்தான் படுத்துக் கிடக்கிறேன்.

நீளமாக எழுது, தேதி போடு என்றாயே, அதை நான் பாசம் என்று நினைத்துச் சிரித்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். குளியலறையில் நான் நடுங்கிக்கொண்டு நின்றதுக்கு உன் ஆபீசில் கை தூக்கியிருக்கிறார்கள். நன்றாக இருங்கள்.

எனக்கு எழுதாதே. போனையும் அணைத்து வைக்கிறேன். கொஞ்ச நாள் என்னைச் சும்மா விடு. வேறு எதுவும் கேட்கவில்லை.


ஏப்ரல் 22

அக்கா,

சும்மா விடு என்று கேட்டேன். உன்னால் ஒரு வாரம் முடியவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார், அந்த மனிதர் யாருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. "உங்க அக்கா போன் பண்ணாங்கம்மா. நீ எழுதின ஏதோ கடுதாசியக் கருவியில போட்டுப் பாத்தாங்களாம். தொண்ணூத்தொண்ணு காட்டுதாம். உன்ன ஜாக்கிரதையா பாத்துக்கச் சொன்னாங்க. முன்னாடி ஆஸ்பத்திரில இருந்தியாமே, சொல்லவே இல்லையே?" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் திரும்பி மேஜைக்கு வந்தபோது கட்டர் அங்கே இல்லை. இப்போது தாள் சுற்றுகிறேன். கத்தரிக்கோலைக்கூட சட்டம் அறுக்கும் அண்ணன் தன் பக்கம் வைத்துக்கொண்டு, "நீ சொல்லும்மா, நான் வெட்டித் தரேன்" என்கிறார். எப்போதும் என்னைக் கேலி செய்கிற மனிதர், இப்போது என்னோடு மெதுவாகப் பேசுகிறார்.

உன்மேல் கோபப்பட்டேன் அக்கா. அவ்வளவுதான். முதல் தரமாக எனக்கு நியாயமாகக் கோபம் வந்தது, அதையும் எடுத்துக்கொண்டு போய் எடை போட்டாய். படித்துப் பார்த்தாலே தெரிந்திருக்குமே, கூடப் பிறந்தவளுக்கு.

இனி மாதம் ஒரு கடிதம் வரும், இல்லாவிட்டால் நீ மறுபடி யாருக்காவது போன் செய்வாய். அது உன் கருவிப் பெட்டிக்கு எழுதுவதாக இருக்கும். அக்காவுக்கு எழுதுவது இதுதான் கடைசி.


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேலை நன்றாகப் போகிறது. தூக்கம் நன்றாக வருகிறது, பசி நன்றாக எடுக்கிறது. நாளைக்குத் தோழியோடு வெளியே போகிறேன். அடுத்த வாரம் புதுச் செடி வாங்கப் போகிறேன். அடுத்த மாதம் இன்னும் நிறையத் திட்டங்கள் இருக்கின்றன. எல்லோரிடமும் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு
தங்கை


ஜூன் 3

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தைப் பெட்டியில் போட்டேன். போடக் கூடாது என்று சத்தியம் செய்திருந்தும் போட்டேன். நான்கு வந்தது. பச்சை. இருநூற்றுச் சொச்சம் கடிதங்களில் உனக்கு இவ்வளவு பச்சை வந்ததே கிடையாது. குழுவில் ஒரு பெண் என் தோளைத் தட்டி, "உங்க தங்கச்சி நல்லா தேறிட்டாங்க மேடம்" என்றாள். நீ என்னை "நீங்கள்" என்று எழுதியிருப்பதைப் பெட்டி கண்டுகொள்ளவில்லை. நான் கண்டுகொண்டேன். கண்டுகொண்டும், அந்த நான்கை நம்பலாமா என்று ஒரு நாள் முழுக்க ஆசைப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி உன் கடைக்கு வந்தேன். முதலாளியிடம் மன்னிப்புக் கேட்கலாம், கட்டரை உனக்குத் திரும்பக் கொடுக்கச் சொல்லிக் காலில் விழலாம் என்று. "அந்தப் பொண்ணு மே ரெண்டாம் தேதியே நின்னுடுச்சேம்மா. நாங்க யாரும் போகச் சொல்லல" என்றார். வேலை நன்றாகப் போகிறது என்று நீ இருபதாம் தேதி எழுதியிருக்கிறாய்.

உன் வீட்டுக்கு வந்தேன். கதவைத் தட்டி, "வாலு, நான்தான்" என்றேன். உள்ளே காலடிச் சத்தம் கதவு வரைக்கும் வந்து நின்றது. பெட்டியை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று கதவைப் பார்த்துச் சொன்னேன். உன் கடிதங்களை அழித்தாலும், அவற்றிலிருந்து அது கற்றுக்கொண்டதை எடுக்க முடியாது என்பதையும் சொன்னேன். இனிமேல் உன்னிடம் எதையும் மறைக்கக் கூடாது என்றுதான் சொன்னேன், சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று புரிந்தது. அந்தப் பக்கம் நீ மூச்சு விடுவது கேட்டது.

சாயங்காலம் ஆறு மணி வரை படியில் உட்கார்ந்திருந்தேன். நீ திறக்கவில்லை. உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் திறந்திருக்க மாட்டேன்.

அக்கா