சங்கத்துக் கணினியைத் திறந்த நாள்

இன்று காலை, நான் இப்போது வேலை செய்கிற கந்தோரில் என் கணினி எழும்பவில்லை. சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. பக்கத்து மூடியைக் கழற்றினேன். கரப்பொத்தான் பூச்சியின் எச்சமும் உப்புக்காற்றில் ஊறிய தூசியும் சேர்ந்த அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. உடனே உன்னோடு கதைக்க வேண்டும் போலிருந்தது. நீ போய் ஒரு வருசமாகப் போகிறது. கதைக்க வழியில்லாததால் எழுதுகிறேன்.

மீனவர் சங்கத்தில் நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். நீ சின்ன வயதில் முஸ்லிம் சனத்தோடு சேர்த்து ஊரிலிருந்து துரத்தப்பட்டு, புத்தளத்து முகாமில் வளர்ந்து, அங்கேயே கல்யாணமும் முடித்து, சண்டை ஓய்ந்த பிறகு எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி வந்தவள். நான் பேசாலைப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரப் பெண். வெளிநாட்டு நிறுவனமொன்று கொடுத்த கணினி எங்கள் இருவருக்கும் பொது. அது வந்த அன்று தலைவர் நாடா வெட்டினார், பக்கத்தில் நின்று படம் எடுத்தார். அதன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. பின்னேரங்களில் நீ மீனவர் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு அதில் படிப்பித்தாய். உன் ஊர்ப் பிள்ளைகளும் என் ஊர்ப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் நெருக்கியடித்து இருப்பார்கள். “மவுஸை இப்படி நெரிக்காத புள்ள, மூச்சு முட்டிச் செத்திரும்” என்பாய். வாங்கு முழுக்கச் சிரிக்கும்.

அந்தத் திங்கட்கிழமை நாம் கந்தோரைத் திறந்தபோது கணினி செத்துக் கிடந்தது. சுவிட்சைப் போட்டதும் ‘பீப் பீப்’ என்று கத்தியது, திரையில் ஒன்றும் வரவில்லை. நீ பிளக்கைக் கழற்றி மாட்டினாய். திரை வயரை மாற்றிப் பார்த்தாய். அதற்குள் தலைவர் வந்துவிட்டார். என்ன ஏது என்று கேட்கவில்லை. உன்னைப் பார்க்கவுமில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார்:

“கடைசியாத் தொட்டது இவதானே? அங்கால இருந்து வந்தவையளை வேலைக்கு வைக்க வேண்டாமெண்டு நான் அப்பவே சொன்னனான். பிள்ளை, நீயாவது கவனமா இருந்திருக்கலாம்.”

நான் தன்னுடைய ஆள் என்ற உரிமையில் அதை எனக்குச் சொன்னார். கோயிலில் எங்களுக்கு முன் வாங்கில் இருக்கிறவர். அவர் வாயிலிருந்து வந்த வெற்றிலை வாசம் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். “ஐயா, வெள்ளிக்கிழமை பூட்டேக்க அது நல்லா வேலை செய்தது. நானும் நிண்டனான்” என்றேன். அவர் கையை உதறிவிட்டுப் போனார்.

நீ மூடியைக் கழற்றினாய். விசிறிக்குப் பக்கத்தில் ஒரு பல்லி காய்ந்து ஒட்டியிருந்தது. அதன் வயிற்றுக்குள் எறும்புகள். மூலையெல்லாம் கரப்பொத்தான் முட்டைக் கூடுகள். நான் வெளியே ஓடிப்போய் வேலியோரம் சத்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது நீ ஷொப்பிங் பையைக் கையில் சுற்றிக்கொண்டு பல்லியை இழுத்தெடுத்துக்கொண்டிருந்தாய். “மூக்கைப் பொத்து புள்ள, கண்ணைப் பொத்தாத. இங்க பாரு.”

பார்த்தேன். கணினிக்கு நினைவைக் கொடுக்கிற இரண்டு தகடுகள் செருகியிருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. சுற்றிவரத் தடித்த தூசி. அந்த இரண்டு பள்ளங்களும் மட்டும் துடைத்ததுபோல் பளபளத்தன. தகடுகள் பழுதாகலாம், கழன்றுகூட வரலாம். ஆனால் தாமாக இறங்கி வெளியே நடந்து போகாது.

கந்தோர் கூட்டுகிற மாமி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தா. குரலைத் தாழ்த்திச் சொன்னா: “ஞாயித்துக்கிழமை பூசை முடிய தலைவற்ற மருமகன் கந்தோர்ப் பூட்டுத் திறப்போட வந்தவர். பெட்டியைத் திறந்து ஏதோ எடுத்தவர். என்னைக் காட்டிக் குடுத்திடாதேங்கோ.”

நிர்வாகக் கூட்டத்தில் நீ எழும்பி நின்று, மாமியின் பெயரை இழுக்காமல், கண்டதை மட்டும் சொன்னாய். இரண்டு தகடுகள் இல்லை, யாரோ புதிதாகக் கழற்றியிருக்கிறார்கள், திறப்பு யாரிடம் இருந்தது என்று விசாரியுங்கோ. அவ்வளவுதான். எல்லோரும் பொரித்த பற்றிஸ் பலகாரத்தைக் கடித்துக்கொண்டு கேட்டார்கள். ஒருவர் விரலில் ஒட்டிய எண்ணெயை மேசைவிரிப்பில் துடைத்தார். தலைவர் சிரித்தார். “சரி சரி, வீட்டுப் பிரச்சினையை வெளியில கொண்டு போகாமல் நாங்களே பாத்து முடிப்பம்” என்றார். திறப்பு யாரிடம் இருந்ததென்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பற்றிஸ் தட்டு இன்னொரு சுற்று வந்தது.

அந்தக் கிழமையே மருமகன் வந்தார். கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தார். வெளியே வந்தபோது கணினி ஓடியது. தன் வீட்டுக் கணினிக்கென்று கொண்டுபோனதைத் திரும்ப வைத்துவிட்டார், வேறென்ன? மாதக் கூட்டத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கைம்மாறு கருதாமல் சங்கச் சொத்தைக் காப்பாற்றிய இளைஞர் என்று தலைவர் பேசினார். பிறகு உன் பக்கம் திரும்பி, “நீயும் எழும்பி நன்றி சொல்லு பிள்ளை” என்றார்.

நீ எழும்பினாய். சபை முழுக்க உன்னைப் பார்த்தது. “கழற்றின கைக்குப் பூட்டவும் தெரியும்தானே” என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாய். நானும் உன் பின்னால் வந்தேன். அதோடு இருவருக்கும் சங்கத்து வேலை முடிந்தது. பஸ் தரிப்பிடத்தில் நீ அழவில்லை. காறித் துப்பினாய். நீ தெருவில் துப்பி நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

பிறகு உன் வீட்டு முன்னறையில் பழைய உதிரிகளைச் சேர்த்து நீயே ஒரு கணினி பூட்டினாய். பிள்ளைகள் ஒவ்வொருவராக அங்கே வரத் தொடங்கினார்கள். என் ஊர்ப் பிள்ளைகள் பஸ் ஏறி வந்தார்கள். அவர்களில் ஒருத்தி இன்று வங்கியில் இருக்கிறாள், தெரியும்தானே உனக்கு. சங்கத்துக் கணினி தலைவரின் அறைக்குப் போனது. அதற்கு மேல் ஒரு லேஸ் துணி போட்டிருக்கிறார்களாம்.

உன் நெஞ்சு இப்படித் திடீரென்று நிற்குமென்று யார் நினைத்தது? மையித்து வீட்டில் பெண்களோடு உள்ளறையில் இருந்தேன். வாசலில் தலைவருடைய குரல் கேட்டது. உன் மனுசனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “எங்கட சங்கத்திலதானே எல்லாம் பழகினவ. நாங்கள்தான் தூக்கிவிட்டது.” யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கத்தியிருப்பேன். உள்ளே உன் உம்மா ஓதிக்கொண்டிருந்தா. அவவுக்காக வாயை மூடிக்கொண்டேன்.

இன்றைக்குக் காலை நாற்றத்தைச் சகித்துக்கொண்டு நினைவுத் தகட்டைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன். கணினி எழும்பியது. உன்னிடம் பழகிய வேலைதான். ஆனால் உன்னிடமிருந்து எனக்கு வந்தது அது மட்டுமில்லை.

ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் கை கூப்பிச் சமாதானம் சொல்கிற நேரம் தலைவர் முன் வாங்கிலிருந்து திரும்பி, முகம் நிறையச் சிரிப்போடு எனக்குக் கை கூப்புகிறார். சுவாமி மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வைக்கிறார், நானும் கேட்கிறேன். தலைவர் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை, பிழை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும், அன்றைக்குப் பார்க்கலாம். அதுவரைக்கும் அவருடைய முகத்தை நேரே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கைகளைத் தொங்கப் போட்டபடியே நிற்கிறேன்.