பீப்பாயில் நான் எழுதிய பூவின் பெயர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே போதும். அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, மாடியில் துணி காயப்போடுவது இப்போது என் வேலை. போனில் குரல் ஒரு மாதிரி இருக்கே என்று கேட்டாய், தூக்கக் கலக்கம் என்று மழுப்பிவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் வந்த காய்ச்சல் போய்விட்டது, ஆனால் மூக்கையும் நாக்கையும் கூடவே கொண்டுபோய்விட்டது. பக்கத்து அடுப்பில் பால் தீய்கிறது, நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா ஓடிவந்து, "என்னங்க, மூக்க அடமானமா வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்ததும் தானே போய் அடுப்பை அணைத்தாள். தேன் கிடங்கில் ருசி பார்த்துப் பிரிக்கிறவனுக்கு இது போனால் வேறு என்ன இருக்கிறது, நீயே சொல். அங்கே யாரிடமும் மூச்சு விடவில்லை. நிறத்தை வைத்தே ஓட்டினேன். சூரியகாந்தி பளிச்சென்ற மஞ்சள், சீக்கிரம் உறைந்துவிடும். தைல மரத்துப் பூ என்றால் செம்பழுப்பு. எலுமிச்சைப் பூ வெளிறியிருக்கும். இருபத்தாறு வருஷப் பழக்கம், கண்ணே போதும் என்று நினைத்துவிட்டேன். ஒருநாள் இரண்டு பீப்பாய் இறங்கின, இரண்டும் ஒரே வெளுப்பு. இரண்டிலும் சாக்பீஸால் எலுமிச்சை என்று எழுதி ஒரே தொட்டியில் ஊற்றச் சொல்லிவிட்டேன். ஒன்று வேறொருவர் கொண்டுவந்த வேலிக்கொடிப் பூவின் தேன். பார்க்க அச்சு அசல் எலுமிச்சைதான், நாக்கில் வைத்தால் கசப்பு. தொட்டி முழுக்கக் கசந்து, கடைகளிலிருந்து பாட்டில்கள் திரும்பி வந்தன. எலுமிச்சைத் தேன் கொண்டுவருவது எலுமிச்சைத் தோட்டத்தில் தேனீ வளர்க்கிற தோட்டத்தம்மா ஒருத்திதான், அதனால் பழி அவள் தலையில் விழுந்தது. தேனீப் பெட்டிகளைத் தோட்டத்தில் வைக்காமல் வேலியோரம் போட்டு ஏமாற்றினாள் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் கத்தினார், இனி இந்தப் பக்கமே வராதே என்றார். அவள் என்னையே பார்த்தாள். நான் பாட்டில் மூடிகளை எண்ணுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன். பதினோரு நாள் அப்படியே இருந்தேன் மகளே. சோறு இறங்கவில்லை, ருசி தெரியாததால் மட்டும் அல்ல.

பன்னிரண்டாம் நாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை, அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டுவிட்டு என்னைப் பாட்டில் கழுவுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார். தோட்டத்தம்மா வீட்டுக்கும் போனேன். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். பிறகு, "என் தேன் கசக்காதுன்னு உங்களுக்குத் தெரியும்ல அண்ணே, ஏன் வாயத் தொறக்கல?" என்று கேட்டாள். முதலாளியே கூப்பிட்டாலும் இனி அந்தக் கிடங்குக்கு வரமாட்டாளாம். மூக்கும் நாக்கும் திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர்.

நீ அனுப்பிய தேன் பாட்டில் உடையாமல் வந்தது. எந்தப் பூ என்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று சீட்டு வைத்திருந்தாய். நிறம் பாலில்லாத கட்டன் டீ போல இருக்கிறது. அதைப் பார்த்து ஏதாவது ஒரு பூவின் பெயரை எழுதினால் நீ நம்பிவிடுவாய். எனக்குத் தெரியவில்லை மகளே. அம்மா ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டு முதலில் இனிப்பு, கடைசியில் லேசான துவர்ப்பு என்கிறாள். அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

குளிர் நாளில் காது மூடாமல் வெளியே போகாதே. காய்ச்சல் வந்தால் மாப்பிள்ளையிடம் மறைக்காதே. இருவரும் மனம் ஒத்து நீண்ட நாள் நன்றாக இருங்கள்.

ஆசிகளுடன்,
உன் அப்பா