சந்து முனைத் தபால் பெட்டிகள்

ஜூலை 8, செவ்வாய்

விடாத மழை. சந்து முனையில் எங்கள் தபால் பெட்டியைத் திறந்தால் உள்ளே தண்ணீர். இன்ஷூரன்ஸ் கடிதத்தைப் பிழிந்துதான் எடுத்தேன்.

முன்பெல்லாம் தபால் வாசலுக்கே வரும். சந்தின் இரண்டு பக்கமும் கார்களை நிறுத்தி அடைத்த பிறகு, தபால்காரி அமுதவள்ளியின் ஸ்கூட்டர் உள்ளே நுழைவதில்லை. உடனே குடியிருப்போர் சங்கம் எல்லார் பெட்டியையும் ஒரே இரும்புச் சட்டத்தில் மாட்டி பஜார் ரோட்டோரம் நட்டுவிட்டது. அரிசி லாரிகள் ரிவர்ஸில் வந்து திரும்புகிற அதே இடத்தில். சங்கத்தின் காரியதரிசி என் கணவர். "இதுவரைக்கும் ஒரு பராதி, ஒரு புகார் வந்திருக்கா?" என்கிறார்.

ஜூலை 10, வியாழன்

நீலாம்பா மாமியை லாரி இடித்துவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

எதிர்வீட்டு மாமி, தனியாக இருப்பவர். மாதப் பத்திரிகை நனைந்துவிடுமே என்று குடையோடு போயிருக்கிறார். லாரி ரிவர்ஸ் எடுத்திருக்கிறது. குடை மறைத்து மாமிக்கு லாரி தெரியவில்லை, மழையில் டிரைவருக்கு மாமி தெரியவில்லை. இடுப்பெலும்பு முறிவு. இன்று ஆபரேஷன். மயக்கம் தெளிந்ததும் என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "சுந்தரி, பெட்டியை மூடினேனா?"

ராத்திரி இவர் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அந்த மழையில அவளை ஆரு போகச் சொன்னா?" சொல்லிவிட்டு இன்னொரு அப்பளம் கேட்டார்.

இந்த மனுஷனோடயா நான் இத்தனை வருஷம் —

ஜூலை 14, திங்கள்

அமுதவள்ளி வந்தாள். உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்று அழுதாள்.

"ரோட்டுல வேண்டாம்னு அப்பவே சொன்னேங்க்கா. சந்துக்குள்ள முதல் மதில் உங்களுதுதானே, அதுல மாட்டினா வண்டியை வெளிய நிறுத்திட்டு நடந்து வந்து போட்டுருவேன்னேன். ஸார்தான், அங்க நம்ம கார் நிக்கும்னுட்டாரு."

எனக்கு இது தெரியாது. எங்கள் மதில். எங்கள் கார். சாயாவைக் கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

சங்கக் கூட்டம். சுவரில் 'மக்கள் கருத்துக் கேட்பு' என்று பெரிய ஃப்ளெக்ஸ். சாயா, பருப்பு வடை.

தலைவர் சிவராமகிருஷ்ணன் தொடங்கினார்: "இந்தக் காலத்துல ஆருக்கு ஓய் கடுதாசி வரது? எல்லாம் போன்லன்னா இருக்கு." எல்லாரும் சிரித்தார்கள். மாமி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், இவர்கள் வடையைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

பெட்டிகளை ரோட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்பதில் எல்லாருக்கும் சம்மதம். தங்கள் மதிலில் மாட்டத்தான் ஒருத்தருக்கும் சம்மதமில்லை. ஒருவர் இப்போதுதான் பெயிண்ட் அடித்தாராம். இன்னொருவருக்கு வாஸ்து.

கடைசியில் இவர் எழுந்தார். "அந்த இடத்தைத் தீர்மானம் பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஆத்துலயும் கேட்டாச்சு. அப்போ ஒருத்தரும் வேண்டாம்னு சொல்லலை."

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. "ஒரு ஆத்துல கேக்கலை" என்றேன்.

"எந்த ஆத்துல?" என்றார் தலைவர்.

"காரியதரிசி ஆத்துல. நானும் அங்கதானே இருக்கேன்? கேட்டிருந்தா எங்க மதில்ல மாட்டுங்கோன்னு சொல்லியிருப்பேன். கார் வேற எங்கயாவது நிக்கட்டும்."

இவர் வடைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் ஒரு குரல், "எங்காத்துலயும் கேக்கலை." அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. கடைசியில் கைதட்டல். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. தங்கள் மதில் தப்பித்ததே என்று தட்டிய கைகள்.

ஜூலை 21, திங்கள்

பேச்சில்லை.

ஜூலை 25, வெள்ளி

இன்னும் பேச்சில்லை. பெங்களூரிலிருக்கும் மகள் ஸாதனாவிடம் போனில் புலம்புகிறார்: "நாலு பேர் முன்னால உங்கம்மா என் மானத்தை வாங்கிட்டா." மாமிக்கு உடைந்தது எலும்பு. இவருக்கு மானமாம்.

மதிலோரம் கார் அப்படியே நிற்கிறது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் எச்சில் துப்பலாமா என்று இருக்கிறது. சீ, என்ன எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நேற்று மாமி வீட்டுக்கு வந்தாயிற்று. வாக்கரைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நாலடி வைக்கிறார்.

காலையில் டிரில்லிங் மிஷின் சத்தம். வெளியே வந்து பார்த்தால் கார் இல்லை. எங்கே கொண்டு போய் விட்டார் என்று கேட்கவில்லை. பெட்டிகளெல்லாம் தரையில் வரிசையாகக் கிடந்தன. இவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மதிலை அளந்துகொண்டிருந்தார்.

நான் திரும்பி உள்ளே போகப் பார்த்தேன்.

"மாமிக்கு இந்த உயரம் எட்டுமா?"

என்னைப் பார்க்காமல்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார்.

மனசு ஆறவில்லை. அவ்வளவு சீக்கிரம் ஆறவும் ஆறாது. மதிலருகே போய், வாக்கரைப் பிடித்த மாதிரி குனிந்து நின்று, ஒரு கையை மட்டும் நீட்டிப் பார்த்தேன்.

"இன்னும் ஒரு சாண் கீழ" என்றேன்.

பழைய பென்சில் கோட்டை விரலால் அழித்துவிட்டுக் கீழே புதுக் கோடு போட்டார்.