துபாய்க்கு நான் சொன்ன நேரம்

என் ஊட்டுக்காரிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். டிக்கெட்டில் இருந்த இரண்டு நேரங்களையும் கழித்துப் பார்த்து, "சென்னையிலிருந்து துபாய் ரெண்டரை மணி நேரந்தான்" என்று சொல்லி அனுப்பியவன் நான். அங்கே கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுவது எனக்கு எப்படித் தெரியும்?

நான் சொன்ன நேரம் தாண்டியும் கீழே கடலாகவே இருந்ததாமே! விமானம் வழி தவறிவிட்டதோ என்று நீயே நடுங்கிக்கொண்டு, அழுத பக்கத்து சீட்டுப் பெண்ணிடம், "பயப்படாத கண்ணு, டிரைவர் நொம்ப நிதானமா ஓட்டறாரு" என்றாயாம். மகள் எழுதியிருக்கிறாள்.

நம் மலையிலிருந்து இறங்கும் சேலம் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு எலுமிச்சையை முகர்ந்தபடி என் தோளில் சாய்ந்து வருபவளா இவள்?

மகளுக்குப் பிரசவம் முடிந்து நீ திரும்பும்போது, மலையேற எலுமிச்சையோடு வருகிறேன். வேண்டாமென்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் பிள்ளையின் அத்தா