பெடலுக்கு முட்டுக் கொடுத்த குடை

பிரேக்கில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதற்காக, மனைவியைப் பழைய காரில் உட்காரவைத்துப் பெடலை மிதிக்கச் சொல்லியிருந்தான் கணவன். "சக்கரத்துக்கிட்ட காத்து வெளிய போற நட்டைத் திறந்திருக்கேன். நீ காலை எடுத்தா காத்து மறுபடி உள்ள போயிடும்" என்றவன், ஆயில் தீர்ந்துவிட்டதென்று கடைக்குப் போய் முக்கால் மணி நேரமாகிவிட்டது. அவளுக்குக் கால் மரத்துப்போயிற்று. மிதித்தபடியே, ஸ்டியரிங்மேல் ஒரு பழைய ரசீதை வைத்து எழுதினாள்:

"என்னங்க, பத்து மணிக்குத் தையல் கடையில எனக்கு முதல் நாள் வேலைன்னு மூணு தடவை சொன்னேன். 'வண்டி ரெடியானதும் நானே கொண்டுவிடுறேன்'னீங்க. மணி ஒன்பதே முக்கால். நடந்தே போறேன்.

பயப்படாதீங்க, காத்து உள்ள போகலை. பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவுல என் நீளக் குடையை முட்டுக் கொடுத்திருக்கேன். முதல்ல நட்டை மூடுங்க, அப்புறம் குடையை எடுங்க. கோபத்துல மாத்திப் பண்ணிடாதீங்க.

சோறு மூடி வச்சிருக்கேன். வீட்டுச் சாவி மீட்டர் பெட்டி மேல.

அந்த நட்டை ஒரு திருப்பு திருப்பி மூடிட்டுப் போயிருந்தா நான் எப்பவோ காலை எடுத்திருப்பேன். மறந்துட்டீங்கன்னே வச்சுக்கறேன். போன மாசம் நான் வேலை கேக்கக் கிளம்பினப்பவும் ஏணியைப் பிடிச்சுக்கச் சொல்லிட்டு மேல ஏறினீங்க. மூணு மணி வரைக்கும் இறங்கவே இல்லை."

கீழே இடமில்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"வானம் இருட்டிக்கிட்டு வருது. குடையைக் கொடுக்கறேன்னு பின்னாடியே வந்துடாதீங்க. நான் நனைஞ்சுக்கிட்டே போய்க்கிறேன்."